சாதகம் (பாட்டுப் பயிற்சி): கேள்வியும் பதிலும்

பள்ளி நாட்களில் கர்நாடக வாய்ப்பாட்டு, வர்ணம் என்ற பயிற்சி உருப்படி வரை கற்றேன். பதினைந்து வருடம் கழித்து மறுபடி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பாடுகிறேன். வார நாளில் உட்காரவே முடிவதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே இதைத் தீவிரமாகச் செய்ய முடியுமா?
– வாசகி, திருச்சி

தாராளமாக முடியும். ஆனால் அந்த ஞாயிறு இரண்டு மணி நேரத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஆறு நாள் சும்மா இருந்த தொண்டையை ஏழாம் நாள் வாட்டினால் திங்களன்று குரல் கம்மும், அதைச் சாக்காக வைத்துச் செவ்வாயும் போய்விடும். தினமும் 40 நிமிடம் போதும்.

காலையில் எழுந்து அரை மணி நேரமாவது போகட்டும். முதல் 5 நிமிடம் தம்புராவோடு மந்திர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி): ஸ, நி, த, ப என்று இறங்கி, மூச்சுக்கு ஒரு ஸ்வரமாக அகாரத்தில் (‘ஆ’ என்ற ஒலியில்) நீட்டுங்கள். அடுத்த 10 நிமிடம் ஆரம்ப ஸ்வரப் பயிற்சிகளான சரளி வரிசையில் இரண்டு, ஜண்டை வரிசையில் ஒன்று, மூன்று காலத்திலும் (வேகத்திலும்). ஸ்வரமாக ஒரு தடவை, அகாரமாக ஒரு தடவை. ஸ்வரப் பெயர் மறைத்துவிடும் ஸ்ருதிப் பிசகை அகாரம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு 10 நிமிடம் அலங்காரம், அதாவது தாளத்துக்கு ஒன்றாக அமைந்த ஸ்வரப் பயிற்சி. அலங்காரம் ஏழு, வாரத்துக்கு நாளும் ஏழு: திங்கள் துருவம் என்று ஆரம்பித்தால் ஞாயிறு ஏகத்தில் முடியும். மீதி 15 நிமிடம் வர்ணம். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, அலுவலகத்தில் வேலை நெருக்குகிறது என்றால் மந்திர ஸ்தாயியும் அன்றைய அலங்காரமும் மட்டும் பாடி 15 நிமிடத்தில் எழுந்துவிடலாம். அந்த நாளும் கணக்கில் சேரும்.

எதைப் பாடுவது என்பதை முதல் நாள் இரவே நோட்டில் எழுதி வையுங்கள். ஸ்ருதி பெட்டி முன்னால் உட்கார்ந்து யோசித்தால், நன்றாக வருகிற கீர்த்தனைக்குத்தான் மனம் ஓடும். பாடி முடித்ததும் ‘பரவாயில்லை’ என்று எழுதாதீர்கள். ‘அட தாளம், மூன்றாம் காலம், இரண்டாவது லகுவில் (தாளத்தின் ஓர் அங்கம்) ஓடியது’ என்று எழுதினால்தான் அடுத்த வாரம் அங்கே திரும்ப முடியும். கட்டையையும் (பாடும் ஸ்ருதி அளவையும்) அடிக்கடி மாற்ற வேண்டாம். குரல் எழும்பாத நாளில் மேல் ஸ்வரங்களை விட்டுவிட்டு அதே கட்டையில் பாடுங்கள். பஞ்சமம் எங்கே நிற்கிறது என்பது தொண்டைக்குப் பழக வேண்டும்.

வர்ணத்தின் முதல் காலம் சரியாக வருகிறது. இரண்டாம் காலத்தில், அதுவும் சரணத்தை அடுத்து வரும் எத்துக்கடை ஸ்வரங்களில் கடைசியில், தாளம் ஓடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கும்பகோணம்

இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, முதல் காலத்தையே வேகமாக எடுக்கிறீர்கள். அதன் இரட்டிப்பைக் குரல் தாங்குவதில்லை. மெட்ரோனோமை 50-ல் வையுங்கள். தொடர்ந்து மூன்று நாள் தடுக்காமல் வந்தால் 54-க்கு ஏற்றலாம். வேகம் கூடும்போது கமகத்தை (ஸ்வரத்தின் அசைவை) உதறிவிட்டு வெறும் ஸ்வரமாக ஓட்டுகிற பழக்கம் வந்தால் உடனே இறக்கிவிடுங்கள்.

இன்னொரு காரணம் பலரும் கவனிக்காதது. எப்போதும் பல்லவியிலிருந்தே ஆரம்பிப்பதால் முன்பகுதி நூறு முறை பாடப்படுகிறது. எத்துக்கடை ஸ்வரங்களோ போகப்போக நீளமாகிக்கொண்டே போகும். இருப்பதிலேயே நீளமான கடைசி ஸ்வரத்துக்குத்தான் குறைந்த நேரம் கிடைக்கிறது, அதுவும் களைத்த குரலில். இரண்டு வாரத்துக்குத் தலைகீழாகப் பாடுங்கள்: முதலில் கடைசி ஸ்வரம், அடுத்து அதற்கு முந்தையது, இப்படியே சரணம் வரை. தடுக்கும் ஆவர்த்தனத்தை (தாளத்தின் ஒரு முழுச் சுற்றை) மட்டும் தனியாகப் பாடாமல் அதற்கு முந்தைய ஆவர்த்தனத்திலிருந்து எடுங்கள். சறுக்கல் பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கும்.

தொண்டை கட்டிய நாளில் சாதகத்தை விடலாமா?
– வாசகி, மதுரை

பாடுவதை விடுங்கள். கிசுகிசுத்துப் பேசுவதும் வேண்டாம், அதுவும் குரல்வளையைச் சிரமப்படுத்தும். உட்காரும் நேரத்தை மட்டும் விடாதீர்கள். கையில் தாளம் போட்டு, ஸ்வரங்களை மனத்துக்குள் மூன்று காலத்தில் ஓட்டுங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.