அப்பாவுக்குப் பல் ஆடியது, எனக்கும் ஆடுமா?

வாசகர் கேள்வி: எனக்கு 61 வயது. கீழ் முன்பற்கள் நீண்டு தெரிகின்றன, இரண்டு லேசாக ஆடுகின்றன. தேய்க்கும்போது ரத்தம் வருகிறது. அப்பாவும் 60 வயதில் பல்செட் கட்டியவர். இது பரம்பரையா, வயதா? ஸ்கேலிங் செய்தால் பல் இன்னும் ஆடும் என்கிறார்களே?

ஸ்கேலிங் செய்துகொள்ளுங்கள், தள்ளிப்போட வேண்டாம். எலும்பு கரைந்ததால் ஏற்கெனவே ஆடும் பல்லை, அதன்மேல் கல்லாகப் படிந்த அழுக்கான காரை கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அந்தக் காரையின் மேல் வளரும் கிருமிகள்தான் எலும்பு கரையக் காரணம். இதைத்தான் ஈறு நோய் என்கிறோம்.

சரி, வயதுக்கு வருவோம். பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. நடுவே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நார்ப்படலம், அதில்தான் பல் தொங்கி நிற்கிறது. அந்த நார்களில் உள்ள கொலாஜன் என்ற புரதம் தோலில் இருப்பதைவிட வேகமாகக் கரைந்து புதிதாகிறது. அதற்கு அங்குள்ள செல்களில் கொலாஜன் மரபணு ஓயாமல் இயங்க வேண்டும். வயதாகும்போது மரபணுவில் எழுதியிருக்கும் குறிப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். எது எவ்வளவு இயங்குவது என்ற கட்டுப்பாடுதான் மாறுகிறது. கொலாஜன் உற்பத்தி குறையும். அதை வெட்டும் நொதிகளும், எலும்பைக் கரைக்கும் செல்களை அழைக்கும் சமிக்ஞைகளும் கூடும்.

ஈறில் டெல்-1 என்றொரு புரதம் உண்டு. அழற்சிக்கு அது பிரேக் மாதிரி. வயதான எலிகளின் ஈறில் அது குறைந்து, ஐஎல்-17 என்ற அழற்சிப் புரதம் கூடி, எலும்பு கரைவதை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. டெல்-1ஐ ஈறில் செலுத்தியபோது அழற்சியும் எலும்பு இழப்பும் குறைந்தன. மனிதர்களுக்கான மருந்தாக இது இன்னும் வரவில்லை. 'இளமை தரும் பற்பசை' என்று யாராவது விற்றால் காசை வீணாக்காதீர்கள்.

பரம்பரையும் உண்மைதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரை 1970 முதல் 15 ஆண்டுகள் கவனித்தார்கள். பல் பராமரிப்பே இல்லாத, எல்லோருக்கும் அழுக்குப் படிந்த வாய். ஆனாலும் சுமார் 8 சதவீதம் பேருக்கு ஈறு நோய் வேகமாக முற்றியது, 81 சதவீதம் பேருக்கு மிதமாக. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. உங்கள் குடும்ப வாகு கொஞ்சம் பாதகமாக இருக்கலாம். ஆனால் அழுக்கு படியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். கடந்த இரண்டு மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையும் அவசியம். கட்டுப்படாத சர்க்கரையும் புகையிலையும் ஈறு நோயை வேகப்படுத்தும். இரவில் பல்லிடுக்கு பிரஷ் பயன்படுத்துங்கள். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள், அங்கேதான் மென்மையாக, நன்றாகத் தேய்க்க வேண்டும். அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்பே பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் 30 வயதைத் தொட்டிருந்தால் அவர்களையும் ஒருமுறை ஈறு பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.