உலர்ந்த திட்டுக்கு இன்னொரு பேட் மருந்தல்ல

ஒரு மணி நேரச் சவாரிக்குப் பிறகு உங்கள் குவார்ட்டர் இனக் குதிரையின் முதுகெல்லாம் வியர்த்திருக்க, தோளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ளங்கையளவு மட்டும் காய்ந்திருக்கிறது, சேணத்துக்கு அடியில் போடும் பேட் (மெத்தை) தடிமனாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கடிக்கிற ஷூவுக்குள் இரண்டாவது சாக்ஸ் போடுகிற கதைதான் அது.

முதலில் பேட் இல்லாமல் வெறும் வெஸ்டர்ன் (கவ்பாய் பாணி) சேணத்தைச் சற்று முன்னால் வைத்து, தானாகப் படியும் இடம்வரை பின்னுக்கு நகர்த்துங்கள். அது தோள்பட்டை எலும்புக்குப் பின்னால்தான் இருக்கும். பலர் தோள் மேலேயே கட்டிவிட்டுச் சேணத்தைத் திட்டுகிறார்கள்!

அப்புறம் சேணத்துக்கு உருவம் தரும் உள்சட்டத்துக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். முன்பக்கம் விரல் நெரிந்தால் சட்டம் குறுகல். காய்ந்த திட்டுக்குக் காரணம் அந்த அழுத்தம்தான். முன்னும் பின்னும் இறுகி, நடுவில் கை தாராளமாகப் போனால் சேணம் பாலம்போல நிற்கிறது. இரண்டுக்கும் வேறு சட்டம்தான் தீர்வு. ‘ஃபுல் குவார்ட்டர்’ என்ற சட்ட அகலத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அளவு மாறும்.

உங்கள் இருக்கை அளவு? ஆங்கிலச் சேணத்தில் 17 அங்குலம் என்றால் வெஸ்டர்னில் சுமார் 15. உட்கார்ந்ததும் சேணத்தின் முன் புடைப்புக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி போதும். பெரிதாக இருந்தால் பின்னால் சரிந்து உட்காருவீர்கள், எடை முழுதும் குதிரையின் இடுப்புப் பக்கம் போகும்.

அந்தத் திட்டில் அழுத்தத்தால் வெளுத்த முடி தெரிகிறதா? தெரிந்தால், வேறு சேணம் கிடைக்கும்வரை ஏறாதீர்கள்.