குற்ற நாவலும் நிஜ வழக்கும் ஒரே தட்டிலா?

குடியிருப்பு நூலகத்தில் 400 புத்தகங்கள் கலந்து கிடக்கின்றன, துப்பறியும் நாவல்களையும் நிஜ வழக்கு நூல்களையும் சேர்த்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 'க்ரைம்' என்று ஒரே தட்டு போட்டால் எது கதை, எது நடந்தது என்று எடுப்பவருக்குத் தெரியாது.

டியூயி எண்களே போதும், அதாவது நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்கள். நிஜக் கொலை வழக்குகள் 364.1523, புலனாய்வு, தடய அறிவியல் 363.25, தடயவியல் மருத்துவம் 614.1, குற்றவியல் சட்டம் 345. டிவி தொடர்கள் பற்றிய நூல்களுக்கு 791.45. உங்கள் அளவுக்கு 364.15 வரை எழுதினாலே தாராளம். ஆனால் தமிழ் நாவலுக்கான 894.8113-ஐ மட்டும் வெட்டாதீர்கள். கடைசி 3-தான் புனைகதையைக் குறிக்கிறது. அதை விட்டால் கவிதையும் உள்ளே வந்துவிடும். ஆங்கில நாவல் 823, அமெரிக்கர் எழுதியது 813.

நாவல்களை ஆசிரியர் பெயர் வரிசையில் வையுங்கள், இனிஷியலைக் கணக்கில் எடுக்காமல். வாசகர்கள் எழுத்தாளரைச் சொல்லித்தான் கேட்பார்கள்.

இந்த எண் எழுதிய லேபிளைப் புத்தகத்தின் முதுகில், அடியிலிருந்து 2.5 செ.மீ. மேலே ஒட்டுங்கள். பாக்கெட் நாவல்தான் தொல்லை: முதுகில் இடமும் இருக்காது, நிற்கவும் நிற்காது. லேபிளை முன்னட்டையின் இடது மேல்மூலையில் ஒட்டி, அட்டைப்பெட்டியில் முகம் தெரிய அடுக்குங்கள். ஸ்டேப்பிள் துருப்பிடித்திருந்தால் பிடுங்கிவிட்டு நூலால் தையுங்கள். ஒவ்வொரு தட்டிலும் கால்பங்கு காலியாக இருக்கட்டும்.