முதல் ஆராதனைக்கு ஏன் போகிறீர்கள்?

கேள்வி: பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள் நான். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து (தவக்கால) நாட்களில் கறி, மீன் தொடுவதில்லை, பகலில் உபவாசம். ஞாயிற்றுக்கிழமை உபவாசம் வேண்டாம் என்கிறார்களே, சரியா? இவ்வளவு இருந்தும் ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. அப்பா வீட்டுப் பங்கு விஷயத்தில் தம்பியோடு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அம்மா அவனோடு இருக்கிறார்கள். அவர்கள் இரண்டாம் ஆராதனைக்கு வருவதால் நான் முதல் ஆராதனைக்கே போய்விடுகிறேன். கோயிலில் சங்கடம் இல்லை.

பதில்: சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள். அதில் ஞாயிறு ஆறு. அவை உயிர்த்தெழுதலின் நாட்கள் என்பதால் லெந்துக் கணக்கில் சேராது, மீதி 40. ஞாயிறு தாராளமாகச் சாப்பிடுங்கள்.

ஆனால் சகோதரி, அந்த "சங்கடம் இல்லை" என்ற இரண்டு வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. தம்பி முகத்தைப் பார்க்காமல் இருக்க ஆராதனை நேரத்தையே மாற்றிக்கொண்டு, அதே கோயிலில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுக்கிறீர்கள். உபவாசத்தைப் பற்றிக் கேட்டீர்களே, ஏசாயா 58-ஐத் திறந்து பாருங்கள். பசியுள்ளவனுக்கு ஆகாரம், வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரம் என்று சொல்லிக்கொண்டே வந்து, "உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறதும்" தேவனுக்கு உகந்த உபவாசம் என்கிறது. மாம்சமானவன் என்றால் சொந்த இரத்த உறவு. நீங்கள் வாரா வாரம் ஒளிந்துகொள்கிறீர்கள். கறியை விட்டு என்ன பிரயோஜனம்?

பங்கு கேட்டதைத் தப்பென்று சொல்லமாட்டேன். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ வீட்டில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பெண்பிள்ளைகளை "விட்டுக்கொடு" என்று சொல்லியே வாயை அடைக்கிற பழக்கம் நம் சபைகளில் உண்டு. நான் அதைச் சொல்லப்போவதில்லை. வக்கீல் மூலம் கேளுங்கள், பெரியவர்களை வைத்துக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே அவனோடு பேசுங்கள்.

"தப்பு அவன்மேல்தானே" என்பீர்கள். மத்தேயு 5:23 அதைக் கேட்கவில்லை. உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போ என்கிறது. யார் பக்கம் நியாயம் என்று பார்த்துவிட்டுப் போ என்று இல்லை. நம் சபையார் இதைச் சும்மா படித்துவிட்டு விடவில்லை. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950-இல் புதிய திருவிருந்து முறைமை வந்தபோது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்திலிருந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சமாதானம் கொடுப்பதை எடுத்துச் சேர்த்தார்கள். அதைக் காணிக்கைக்கு முன்னால் வைத்தார்கள். முதல் ஆராதனையில் பக்கத்து பெஞ்சுக்காரம்மாவின் கையைப் பிடித்துச் சமாதானம் சொல்கிறீர்களே, அப்போது தம்பி ஞாபகம் வரவே இல்லையா?

அம்மாவை எங்கே பார்க்கிறீர்கள்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வயதான தாயை மகன் வீட்டில் விட்டுவிட்டு, அவன்மேல் உள்ள கோபத்தில் வாசல்படி மிதிக்காமல் இருப்பதற்குப் தேவன் கொடுத்த பத்துக் கற்பனைகளில் (கட்டளைகளில்) எங்கே இடம் இருக்கிறது? வீட்டு வழக்கு பத்து வருஷம் கூட நடக்கும். அம்மா அத்தனை வருஷம் காத்திருப்பார்களா?

இந்தச் சனிக்கிழமையே தம்பி வீட்டுக்குப் போங்கள். போனில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அம்மா பக்கத்தில் உட்காருங்கள். அன்று பங்குப் பேச்சை எடுக்காதீர்கள். அவன் எடுத்தால், அதற்குத் தனியாக ஒரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். அவன் முகம் கொடுக்காவிட்டாலும் அடுத்த சனியும் போங்கள். அப்புறம் ஞாயிறு, இரண்டாம் ஆராதனைக்கு.