ஆம்னி வேனுக்குப் பெரிய இன்ஜின் மாற்றலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். என்னிடம் 2007 மாடல் மாருதி ஆம்னி இருக்கிறது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு படுக்கை, தண்ணீர் கேன், கேஸ் அடுப்பு எல்லாம் வைத்து கேம்பர் வேன் மாதிரி ஆக்கியிருக்கிறேன். குடும்பத்தோடு ஏறினால் மேட்டில் வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. வெர்சா வண்டியின் 1300 சிசி இன்ஜினைப் போட்டுத் தருகிறேன், ஆர்.சி.யிலும் ஏற்றிவிடலாம் என்று மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் சொன்னார். 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். என் சித்தப்பா அந்தக் காலத்தில் ஜீப்புக்கு டீசல் இன்ஜின் மாற்றி, ஆர்.சி.யிலும் பதிந்து ஓட்டினார். நானும் அப்படிச் செய்யலாமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: பழைய இன்ஜினை இன்னும் இறக்கவில்லை என்றால் இறக்க வேண்டாம் என்று மெக்கானிக்குக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நீங்கள் கேட்கும் மாற்றத்தைச் சட்டம் அனுமதிக்கவில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலரே மனது வைத்தாலும் அதை ஆர்.சி.யில் ஏற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது.

உங்கள் சித்தப்பா செய்தது தப்பில்லை. அம்பாசடரிலும் ஜீப்பிலும் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு மெட்டடோர் இன்ஜினோ இசுஸு இன்ஜினோ போட்டு ஓட்டியவர்கள் அப்போது ஊருக்கு ஊர் இருந்தார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்கினால் மாற்றிக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டில் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது என்பதே இன்றைய சட்டம். மெக்கானிக்குகள் பலர் இன்னும் பழைய சட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் வாக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் மெக்கானிக்கும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்ற முடியாது, மற்ற விவரங்களை மட்டும் சட்டப்படி மாற்றிப் பதியலாம் என்பது அந்தத் தீர்ப்பு. உங்கள் ஆம்னி 796 சிசி வண்டி. வெர்சா இன்ஜின் 1298 சிசி. சிசி என்கிற கன அளவு, குதிரைத்திறன் எல்லாம் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்கள்தான்.

"ரெண்டும் மாருதிதானே சார்" என்று மெக்கானிக் சொல்லக்கூடும். கம்பெனி ஒன்றாக இருந்தால் போதாது, இன்ஜின் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் இன்ஜின் போய்விட்டது என்றால், அதே வகை 796 சிசி இன்ஜினைப் போடலாம். அதற்கும் முன்கூட்டியே அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். மாற்றியதும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, 14 நாளுக்குள் புது இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள். வண்டிமேல் கடன் இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

சரி, சொல்லாமல் மாற்றி ஓட்டினால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் வரலாம். 2007 வண்டி என்பதால் 15 வருடம் முடிந்து 2022இல் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்திருப்பீர்கள். அது ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், அடுத்தது 2027. அன்றைக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் சீட்டைத் தூக்கச் சொல்வார். எண் அடித்த இடத்தில் கிரீஸைத் துணியால் துடைத்து, மேலே தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் வந்துவிடும். ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் எஃப்.சி. நிற்கும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவுப்படி, அனுமதியில்லாமல் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

காயலான் கடை இன்ஜினில் இன்னொரு வம்பும் உண்டு. அது எந்த வண்டியிலிருந்து வந்தது, பில் இருக்கிறதா என்று கேட்டீர்களா? திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பழைய எண்ணையே புது இன்ஜினில் பஞ்ச் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பட்டறைப் பக்கமே போகாதீர்கள். அபராதத்தோடு முடிகிற விஷயமில்லை அது, கிரிமினல் வழக்கு.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய கவலை இன்சூரன்ஸ்தான். மூன்றாம் நபர் பிரீமியத்தையே கன அளவை வைத்துத்தான் வசூலிக்கிறார்கள். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1000 சிசி வரை உள்ள காருக்கு வருடத்துக்கு 2,094 ரூபாய், 1000க்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய். நீங்கள் 796 சிசிக்குப் பணம் கட்டிவிட்டு 1298 சிசி வண்டியை ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். கோத்தகிரி மலைப்பாதையில் ஒரு வளைவில், எதிரே வரும் இரு சக்கர வாகனத்தில் மோதிவிடுகிறது. விபத்து வழக்கில் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பார், இன்ஜின் மாறியிருப்பது அங்கேயே எழுத்தில் வந்துவிடும். முக்கியமான உண்மையை மறைத்து எடுத்த பாலிசி என்று கம்பெனி தீர்ப்பாயத்தில் வாதாடும். அடிபட்டவருக்குக் கம்பெனியே முதலில் பணம் கொடுக்கும்படி உத்தரவானாலும், அதை உங்களிடம் வசூலித்துக்கொள்ளும் உரிமையும் சேர்ந்தே வரலாம். ஒருவர் இறந்துபோய், அவர் சம்பாதிக்கும் வயதில் இருந்தவர் என்றால், இழப்பீடு பல லட்சத்தில் போகும். அப்புறம் உங்கள் தோட்டத்துக்குத்தான் ஜப்தி வரும்.

இன்னொன்று, ஆம்னியின் பிரேக்கும் ஆக்சிலும் 12 அங்குலச் சக்கரமும் அந்தச் சின்ன இன்ஜினுக்கும் அந்த எடைக்கும் கணக்குப் போட்டுச் செய்தவை. ஏறும்போது இன்ஜின் உதவும், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவில் உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டியது பிரேக்தான்.

அப்படியானால் என்ன செய்வது? உயரம் 1000 மீட்டர் கூடினால் சாதாரண பெட்ரோல் இன்ஜினின் இழுவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். மலையில் உங்கள் வண்டி திணறுவதில் பாதிக் காரணம் அதுவே. மீதி, அந்த வயதான இன்ஜினாக இருக்கலாம். முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். குறைவாக இருந்தால் சிலிண்டரைக் கடைந்து (போர் பண்ணி) பிஸ்டன், ரிங் மாற்றி, ஹெட் வேலையும் கிளட்சும் பார்த்துவிட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். இன்ஜினும் அதன் எண்ணும் மாறாது என்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தண்ணீரை மலையடிவாரத்தில் நிரப்பாமல் மேலே போய்ப் பிடித்துக்கொண்டால் அந்தப் பாரமும் குறையும். அதுவும் போதாது என்றால், என் யோசனை இந்த வண்டியைக் கொடுத்துவிட்டு 1196 சிசி மாருதி ஈகோ வேன் ஒன்றைப் பழையதாக வாங்குவதுதான். இன்ஜின் மாற்றும் செலவையும் அதில் போடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டியின் கட்டமைப்பை மாற்றி அதன் அடிப்படைத் தன்மையையே மாற்றுவதைத்தான் சட்டம் மாற்றம் என்கிறது. கழற்றி மாட்டும் படுக்கை அதில் வராது என்பது என் கருத்து. ஆனால் கூரையை வெட்டி உயர்த்தினால் கட்டாயம் வரும். ஆர்.சி.யில் எத்தனை சீட் இருக்கிறதோ அத்தனையும் எஃப்.சி. அன்று வண்டியில் இருக்க வேண்டும் என்பதால், கழற்றிய சீட்டைப் பத்திரமாக வையுங்கள். படுக்கைக்குப் பக்கத்திலேயே கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு மட்டும் ஓட்டாதீர்கள்.

இனி அந்த 20,000 ரூபாய். வேலை தொடங்கவில்லை என்றால் நேரில் பேசினாலே பெரும்பாலும் திரும்பி வரும். வராவிட்டால், ஆர்.சி.யில் ஏற்றலாம் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் பணம் கொடுத்தேன், சட்டப்படி அது முடியாது, 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரவும் என்று ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப்பில் பேசியதையும் அழிக்காதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கடை மேட்டுப்பாளையத்தில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சட்டத்துக்குப் புறம்பான வேலை என்று தெரிந்தே கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவது மிகவும் கஷ்டம். அதனால் தெரியாமல்தான் கொடுத்தீர்கள் என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.