நெடுநாள் நின்றுபோன எம்ஜிபி: சாவியைத் திருப்பும் முன்

கேள்வி: மாமனார் ஓட்டிய 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார்) 18 ஆண்டுகளாகக் கராஜிலேயே நிற்கிறது. புது பேட்டரி போட்டு, புதிதாகப் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? (லெஸ்டர், இங்கிலாந்து)

பதில்: அவசரப்பட வேண்டாம். இத்தனை ஆண்டுகளில் பேரிங்குகளின் மேலிருந்த ஆயில் முழுவதும் வடிந்திருக்கும். சிலிண்டர் சுவர்களில் துரு ஏறியிருக்கவும் கூடும். அந்நிலையில் எஞ்சின் ஓடத் தொடங்கினால், ஆயில் மேலே வந்து சேர்வதற்குள் பேரிங்குகளும் பிஸ்டன் ரிங்குகளும் கீறல் விழுந்து கெட்டுவிடலாம்.

எஞ்சினைத் தொடுவதற்கும் முன்பாக உடற்பகுதியைப் பாருங்கள். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கூரையில்லாத ரோட்ஸ்டரில் கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பகுதியே பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குகிறது. ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்தும்போது கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறினாலோ, கதவு இறுகிக்கொண்டாலோ, சில் உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கிறது என்று கொள்ளலாம். அப்படியானால் உங்கள் பணம் முதலில் வெல்டிங் வேலைக்கே போக வேண்டியிருக்கும்.

அடுத்தது எஞ்சின். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி மெல்லிய ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள்கள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க்ஷாஃப்ட் (எஞ்சினின் சுழல்தண்டு) புல்லியின் நட்டில் ஸ்பானரைப் போட்டுக் கையால் சுற்றுங்கள்; சுற்ற மறுத்தால் வலுக்கட்டாயம் செய்யாமல் மீண்டும் ஊற விடுவதே நல்லது. தடையின்றிச் சுற்றினால் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 என்ற கெட்டித்தன்மை குறியிட்ட எஞ்சின் ஆயிலை நிரப்புங்கள். பிளக்குகள் இல்லாமலே, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் இணைப்பையும் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் சூடேறாதபடி சில விநாடிகள் இயக்கி, இடைவெளி விட்டு மீண்டும் இயக்குங்கள். டாஷ்போர்டில் உள்ள ஆயில் அழுத்த மீட்டரின் முள் எழ வேண்டும். எஞ்சினின் உச்சியில் உள்ள ராக்கர் மூடியைத் திறந்து வைத்திருந்தால் ராக்கர்களின் (வால்வுகளைத் தள்ளும் நெம்புகோல்கள்) மேல் ஆயில் கசிந்து வருவதையும் காணலாம். இந்த இரண்டையும் பார்க்கும் வரை பிளக்கைத் திரும்ப மாட்டாதீர்கள்.

டேங்கில் இருக்கும் பெட்ரோல் இந்நேரம் வார்னிஷ் நாற்றம் அடிக்கும், முழுவதையும் வடித்துவிடுங்கள். பின்சக்கரத்துக்கு அருகிலுள்ள எஸ்யூ நிறுவனத்தின் பெட்ரோல் மின்பம்ப், சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்று ஒலித்து, கார்ப்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கருவி) நிறைந்ததும் அடங்க வேண்டும். ஓசையே இல்லையென்றால் உள்ளே பாயின்ட்டுகள் (மின்தொடுமுனைகள்) ஒட்டியிருக்கக்கூடும். மரப்பிடியால் லேசாகத் தட்டினாலே சில சமயம் வேலை செய்யத் தொடங்கிவிடும், ஆனால் அதை நம்பி நெடுந்தூரம் போகக் கூடாது. ஓசை ஓயாமல் வேகமாக வந்தால் எங்கோ கசிவு அல்லது காற்று நுழைவு இருக்கிறது. இரண்டு எஸ்யூ கார்ப்பரேட்டர்களின் மிதவை அறைகளையும் திறந்து பிசினைத் துடையுங்கள். கார்ப்பரேட்டருக்குள் உள்ள பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால் ‘டக்’கென்று விழ வேண்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும் என்பதால், குழாய்களை மாற்றிவிட்டு, இ5 (5 சதவீதம் வரை எத்தனால்) எனக் குறிக்கப்பட்ட சூப்பர் ரகத்தையே போடுங்கள்.

அடுத்து தீப்பொறி: அதைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். இதில் கடினமான வேலை எதுவும் இல்லை.

எஞ்சின் ஓடுகிறது என்ற மகிழ்ச்சியில் சாலைக்குப் போய்விடாதீர்கள். பிரேக் குழாய்கள் வெளியே நன்றாகத் தோன்றினாலும் உட்புறம் வீங்கி அடைத்திருக்கும்; பெடலை விட்ட பின்னும் பிரேக் பிடித்தபடியே இருப்பது அதன் அடையாளம். குழாய்கள், சக்கர சிலிண்டர்களின் ரப்பர் சீல்கள், திரவம் ஆகிய அனைத்தையும் மாற்றுங்கள். டயரின் பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் 18 ஆண்டு வயதான ரப்பரை நம்ப முடியாது. 40 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் ஏதும் செய்யப்படாத கார்களுக்கு எம்ஓடி (பிரிட்டனின் ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிப் பரிசோதனை) கட்டாயமில்லை என்றாலும், கார் பாதுகாப்பான நிலையில் இருக்க வேண்டிய சட்டப் பொறுப்பு உங்களுடையதே. ஒருமுறை நீங்களாகவே பரிசோதனைக்குக் கொண்டு போங்கள். முதல் சில நூறு மைல்கள் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றிவிடுங்கள், ஏனெனில் உள்ளே உதிர்ந்த துருவும் பிசினும் அதில்தான் சேர்ந்திருக்கும்.