செழித்து வளர்ந்த சரக்கொன்றை ஏன் பூக்கவில்லை?

கேள்வி: ஐயா, வணக்கம். தோட்டத்து வேலியோரம் சரக்கொன்றை வைத்து எட்டு வருடம் ஆகிறது. விதை போட்டு எடுத்த கன்றுகள். பக்கத்தில் வாழைக்குப் பாயும் தண்ணீரே இவற்றுக்கும் கிடைக்கிறது. மரங்கள் கரும்பச்சையாகத் தழைத்து நிற்கின்றன. ஆனால் கோடையில் பூவே இல்லை; மழைக்காலத்தில் எங்கோ ஒன்றிரண்டு சரம் தொங்குகிறது. யாரும் தண்ணீர் விடாத தரிசில் நிற்கும் மரமோ இலை தெரியாமல் பூக்கிறது. பூப்பதற்கு என்ன உரம் வைக்கலாம்?

பதில்: வணக்கம். உரம் எதுவும் வேண்டாம். தரிசு மரத்துக்குக் கிடைத்து உங்கள் மரங்களுக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது: காய்ச்சல், அதாவது மண் காய்வது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பயிருக்குச் சொல்வோமே, உங்கள் மரங்கள் பாய்ச்சலை மட்டுமே பார்த்து வளர்ந்திருக்கின்றன.

சரக்கொன்றை, மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் காடுகளில் வளரும் மரம். மழை முடிந்து மண் காயக் காய, பழைய இலைகளை உதிர்த்துவிடும். வெயில் ஏறும்போது, இலை இருந்த கணுக்களிலிருந்து மொட்டுச் சரங்கள் கீழே இறங்கும். புதுக் கொழுந்து அதோடு சேர்ந்தோ சற்றுப் பின்னாலோ வரும். வேரடியில் ஈரம் குறையவே இல்லை என்றால் மரம் இலையைக் கொட்டாது, தழைத்துக்கொண்டேதான் இருக்கும். போன கோடைக்கு முன் உங்கள் மரங்கள் இலை உதிர்த்தனவா என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வீர்கள்.

விதைக் கன்று பூக்க ஐந்து முதல் எட்டு வருடம் வரை ஆகலாம் என்பதால், வயது போதவில்லையோ என்று சந்தேகம் வரும். மழைக்காலத்தில் ஒன்றிரண்டு சரம் வந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்த மரங்களுக்கு வயது வந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. பருவம் தப்பிப் பூப்பது இந்த மரத்தில் நடப்பதுதான், நோய் இல்லை.

இனி, மழைக்காலம் முடிந்ததும் மரங்களுக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். கோடைப் பூ வருவதற்கு முன் இரண்டு மூன்று மாதமாவது மண் காய வேண்டும். மரத்தடிக்குப் போகும் மடையை மட்டும் அடைத்தால் போதாது, வேர் வாழைப் பாத்திக்குள் நுழைந்திருக்கும். வாழையை வாட விட முடியாது. அதனால் வேலியை ஒட்டிய வாழை வரிசையை அடுத்த நடவில் உள்ளே தள்ளி வையுங்கள். வாய்க்காலையும் அந்தப் பக்கமாக மாற்றிவிடுங்கள். வேரை வெட்டப் போக வேண்டாம், எட்டு வருட மரம் காற்றில் சாய்ந்துவிடும்.

இலை கொட்டி நிற்கும்போது மரம் பட்டுப்போனதோ என்று பயம் வரும். சிறு கிளை ஒன்றில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் கவலையே இல்லை. நுனிக் கிளைகள் சுருங்கிக் காய ஆரம்பித்தால் மட்டும் ஒரு முறை நனையப் பாய்ச்சுங்கள். இடையில் புதுக் கன்று வைத்திருந்தால் அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

உரத்தைப் பற்றி இன்னொன்று. அவரைக் குடும்பத்து மரம்தான் என்றாலும் சரக்கொன்றையின் வேரில் முடிச்சு கிடையாது, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்காது. அப்படியென்றால் அந்தக் கரும்பச்சைக்குக் காரணம் வாழைக்கு நீங்கள் வைக்கும் யூரியாவும் எருவும்தான். மரத்துப் பக்கம் அதைக் குறையுங்கள்.

வாழைக்கு நிழல் விழுகிறது என்று பனிக்காலத்தில் கிளை கழிக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பூக்க வேண்டிய கிளைகள்தான் அதில் போகும். பூ முடிந்த கையோடு கவாத்து செய்யலாம். வெயில் விழாத பக்கத்தில் பூ குறைவாகத்தான் இருக்கும், அதற்கு மருந்தில்லை.

ஒரே கோடையில் மரம் முழுக்கப் பூத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், இரண்டு பருவம் கூட ஆகலாம். பூத்த சமயத்தில் அந்த ஓரத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். கரிய பெரிய தச்சன் வண்டுகள் மகரந்தத்துக்காக இந்தப் பூக்களைத் தேடி வரும், காய் பிடிப்பது அவற்றால்தான். அப்புறம், கொழுந்தில் பச்சைப் புழுக்கள் தென்படலாம். கொன்னை வெள்ளையன் பட்டாம்பூச்சியின் புழுக்கள் அவை. வளர்ந்த மரத்தை ஒன்றும் செய்யாது, தின்ற இடத்தில் மறுபடி தழைத்துவிடும்.